உச்சம் முதல் ‘அவ்ஹே’ வரை: ஒரு வானியல் சொல்லின் பயணம்

ஸ்பானியச் செய்தித்தாள்களின் பொருளாதாரப் பக்கங்களில் ‘அவ்ஹே’ என்ற சொல் அடிக்கடி வரும். சுற்றுலாத் துறை அவ்ஹேயில் இருக்கிறது, செயற்கை நுண்ணறிவுக்கு இது அவ்ஹே காலம் என்றெல்லாம் எழுதுவார்கள். ஏறுமுகம், செழிப்பு, உச்சநிலை எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். பிரேசில்காரர்கள் அதே எழுத்துகளை ‘அவ்ஜி’ என்று உச்சரிக்கிறார்கள். ஒரு பாடகர் புகழின் அவ்ஜியில் இருந்தபோது ஓய்வு பெற்றார் என்பார்கள். இத்தாலியில் ‘இன் அவ்ஜே’ என்றால் இப்போது பேசப்படுகிற, எல்லோரும் விரும்புகிற என்று பொருள். வடமேற்கு ஸ்பெயினின் காலிசிய மொழியில் அது ‘அவ்ஷே’.

இவை எல்லாம் லத்தீனின் பிள்ளை மொழிகள். ஆகவே இந்தச் சொல்லும் லத்தீனில் பிறந்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பெருக்கு, வளர் என்ற பொருளில் லத்தீனில் ‘அவுகேரே’ என்றொரு வினைச்சொல் வேறு இருக்கிறது. அகஸ்டஸ் என்ற பெயரும் அதன் உறவுதான். ஆனால் அவ்ஹேவுக்கும் அதற்கும் பிறப்பில் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய ரோமானிய எழுத்தாளர்களான சிசரோவோ வெர்ஜிலோ இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இது வானியல் அட்டவணைகளோடு அரபியிலிருந்து ஐரோப்பாவுக்குள் வந்த சொல். அரபியில் ‘அவ்ஜ்’. அரபிக்கு அது பாரசீகத்தின் வழியாக வந்தது, பாரசீகத்துக்கு சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. மூலச் சொல் ‘உச்ச’. நம் ஜாதகக் கட்டங்களைப் பார்த்து “குரு உச்சத்தில் இருக்கிறார்” என்று சொல்கிறார்களே, அதே உச்சம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது ‘ஸ்பானிய மொழியில் தமிழ்’ என்று கொண்டாடும் கட்டுரை இல்லை. உச்சம் தமிழுக்கும் சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல்தான். தலையின் மேற்பகுதியைக் குறிக்கும் ‘உச்சி’ என்ற சொல்லுக்குக் கன்னடம், மலையாளம் போன்ற மொழிகளில் உறவுகள் உண்டு. அதன் வேர் தனியாக ஆராய வேண்டிய விஷயம். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. நூல்களிலும் அட்டவணைகளிலும் தடம் பதித்த சொல் உச்ச. அந்தத் தடம் போதுமான அளவுக்குச் சுவையானது. அதற்கு மேல் நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

முதலில், இந்தச் சொல் வானத்தில் எதைக் குறித்தது என்று பார்க்கலாம். நிலா பூமியைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை. அருகில் வரும்போது சுமார் 3,63,000 கிலோமீட்டர் தூரத்திலும், விலகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கும். அந்த மிகத் தொலைவான புள்ளிதான் உச்சம். அங்கே நிலா மெதுவாக நகரும், அருகில் வந்தால் வேகம் கூடும். சூரியனிடமும் இதே வேறுபாடு தெரிகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நாம் படித்திருந்தாலும், பூமியில் நின்று பார்ப்பவருக்குச் சூரியன்தான் ராசிகளுக்கிடையே நகர்கிறது. ஜூலை முதல் வாரத்தில் அது நம்மிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது, அப்போது மெதுவாக ஊர்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் மிக அருகில் வந்து விரைகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள்வரை சுமார் 186 நாள் ஆகிறது. மறுபாதியை 179 நாளில் கடந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. பருவங்களின் நீளத்தை எண்ணினாலே போதும். தமிழ் நாட்காட்டியைப் புரட்டினால் இந்த வேறுபாடு இன்றும் கண்முன்னே இருக்கிறது. ஆனி மாதம் 32 நாள்வரை நீளும், மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரமே நமக்கு ஒரு மாதம். மிதுனத்தில் சூரியன் மெதுவாகப் போவதால் ஆனி நீள்கிறது. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தில் சூரியனின் உச்சத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் 78 பாகை. மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அது மிதுனத்துக்குள் விழுகிறது. அதே நூலில் சந்திரனின் உச்சத்துக்கும் கணக்கு உண்டு. அந்தப் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை, வானத்தைச் சுற்றிவருகிறது. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் அது 4,88,219 சுற்று சுற்றும் என்கிறார் ஆரியபட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு 8.85 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். இன்றைய அளவும் ஏறக்குறைய அதேதான். இந்த எண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்திய வானியலார் இந்தப் புள்ளிக்கு வைத்த முழுப் பெயர் மந்தோச்சம். மந்தம் என்றால் மெதுவானது. இதோடு சீக்ரோச்சம் என்ற இன்னொரு உச்சமும் உண்டு. அது கோள்கள் பின்னோக்கிப் போவதுபோலத் தெரிவதைக் கணக்கிடப் பயன்படுவது, இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம். சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் கோள்களின் வேக மாறுபாட்டுக்கு ஒரு விளக்கம் சொல்கிறது. உச்சங்கள் காலத்தின் வடிவங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ராசிச் சக்கரத்தில் இருக்கும் அவை காற்றாலான கயிறுகளால் கோள்களைக் கட்டித் தம்மை நோக்கி இழுக்கின்றன. அதனால்தான் கோள்கள் சராசரி இடத்திலிருந்து முன்னேயோ பின்னேயோ விலகித் தெரிகின்றன. இன்றைய இயற்பியலின் கண்ணால் பார்த்தால் இது தவறு. ஆனால் கோளின் வேக மாறுபாட்டுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் ஓர் இழுப்பாக இருக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

இந்தக் கருத்தே முழுக்க இந்தியாவில் பிறந்ததா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. பூமியிலிருந்து மையம் விலகிய வட்டத்தைக் கொண்டு சூரியனின் வேக மாறுபாட்டை விளக்கும் முறை கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஹிப்பார்க்கஸிடம் இருந்தது. கிரேக்கர்கள் மிகத் தொலைவான புள்ளியை ‘அபோகெயோன்’ என்றார்கள். பூமியிலிருந்து விலகியது என்று பொருள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வானியலாரான தாலமிக்கு முந்தைய கிரேக்க வானியல் முறைகள் மேற்கிந்தியத் துறைமுகங்களின் வழியே இங்கே வந்து, இங்கே புது எண்களும் புதுக் கணக்கு முறைகளும் பெற்றன என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆக, கருத்து மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. பெயர் கிழக்கிலிருந்து மேற்கே போனது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஜாதகத்தில் சொல்லும் உச்சமும் வானியல் உச்சமும் வேறு வேறு. ஜாதகத்தில் சூரியனுக்கு மேஷம் உச்சம், துலாம் நீசம். குருவுக்குக் கடகம், சனிக்குத் துலாம். இது கிரேக்கச் சோதிடத்தில் ‘ஹுப்ஸோமா’ என்று இருந்த கருத்து. கிரகம் மதிப்பு மிக்க இடத்தில் இருக்கிறது, பலம் பெறுகிறது என்பதற்கு மேல் அதற்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை. வானியல்படி சூரியனின் உச்சம் மேஷத்தில் இல்லை, மிதுனத்தில் இருக்கிறது. சமஸ்கிருதம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. அரபியர்கள் பிரித்துவிட்டார்கள். சோதிட உச்சத்துக்கு மேன்மை என்ற பொருளில் ‘ஷரஃப்’, வானியல் உச்சத்துக்கு ‘அவ்ஜ்’. பின்னால் லத்தீனிலும் இந்தப் பிரிவு அப்படியே தொடர்ந்தது.

சரி, இந்தச் சொல் பாக்தாதுக்கு எப்படிப் போனது? அந்த நகரம் 762-இல் அப்பாசியக் கலீபா அல்-மன்சூர் நிறுவியது. அடிக்கல் நாட்டும் நேரத்தைக் கூட சோதிடர்களைக் கேட்டே குறித்தார்கள். அவர்களில் பலர் பாரசீகப் பின்னணி கொண்டவர்கள். சாசானியப் பேரரசின் காலத்திலிருந்தே பாரசீகத்தில் வானியல் அட்டவணைகள் இருந்தன, அவற்றில் இந்திய அளவுகளும் சேர்ந்திருந்தன. 770-களின் தொடக்கத்தில் சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஒரு தூதுக் குழுவில் வானியல் அறிந்த ஓர் இந்தியரும் இருந்தார். அவர் கொண்டுவந்த சமஸ்கிருத நூல், பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலின் மரபைச் சேர்ந்தது. கலீபாவின் ஆணைப்படி அது அரபிக்கு மாற்றப்பட்டது. அந்த வேலையோடு வானியலார் அல்-ஃபஸாரியின் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ‘சித்தாந்தம்’ அரபி வாயில் ‘சிந்ஹிந்த்’ ஆனது. அடுத்த நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய புகழ்பெற்ற அட்டவணைகளும் சிந்ஹிந்த் மரபில் வந்தவையே.

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. தாலமியின் பெரிய நூலான அல்மஜெஸ்ட் அரபிக்கு வந்தது அதற்கப்புறம்தான். இன்று நமக்குக் கிடைக்கும் பழைய அரபி மொழிபெயர்ப்பு 827-ஐ ஒட்டியது. ஆக, கிரேக்க நூல் கையில் கிடைத்தபோது பாக்தாத் வானியலாருக்கு அந்தப் புள்ளி புதிதல்ல. அதற்கு அவ்ஜ் என்ற பெயர் ஏற்கெனவே அவர்கள் நாவில் இருந்தது. தாலமியின் சொல்லை அப்படியே மொழிபெயர்த்தவர்கள் ‘அல்-புஃது அல்-அப்அத்’, அதாவது மிகத் தொலைவான தூரம் என்று எழுதினார்கள். துல்லியமான தொடர்தான், ஆனால் நீளம். அட்டவணையின் தலைப்பில் எழுத, பாடம் நடத்த, பேச அவ்ஜ் வசதியாக இருந்தது. அது நிலைத்தது. கிரேக்கக் கருத்துக்கு இந்தியப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு யாருடைய பெருமையும் காரணம் இல்லை. முதலில் வந்தது அது, சுருக்கமாகவும் இருந்தது.

அவ்ஜ் மேற்கே போனது அந்தலூசியாவுக்கு, அதாவது முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினுக்கு. கோர்தோபாவில் மஸ்லமா அல்-மஜ்ரீத்தி 1000-ஆம் ஆண்டை ஒட்டி அல்-குவாரிஸ்மியின் அட்டவணைகளைத் திருத்தி, ஹிஜ்ரி ஆண்டுக்கும் கோர்தோபாவின் இருப்பிடத்துக்கும் ஏற்ப மாற்றினார். அல்-மஜ்ரீத்தி என்றால் மத்ரீத்காரர், அதாவது இன்றைய மாட்ரிட் ஊர்க்காரர். அல்-குவாரிஸ்மியின் அரபி மூலம் இன்று இல்லை. மஸ்லமாவின் திருத்தத்தை இங்கிலாந்தின் பாத் நகர அடெலார்ட் 1126-இல் லத்தீனுக்கு மாற்றியதால்தான் அது பிழைத்தது. அந்த லத்தீன் ஏட்டின் எண்களுக்குள் இந்தியக் கணக்கு முறைகள் ஒளிந்திருக்கின்றன என்பதை ஐரோப்பியர்கள் வெகுகாலம் கழித்துத்தான் உணர்ந்தார்கள்.

அப்புறம் ஸ்பெயினின் தொலேதோ நகரம். அங்கே 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-சர்க்காலியை ஸ்பானியர் அசர்க்கியேல் என்பார்கள். உலோக வேலைக் கைவினைஞராகத் தொடங்கி வானியலுக்கு வந்தவர். அவர் ஏறக்குறைய 25 ஆண்டு சூரியனைக் கவனித்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்: சூரியனின் அவ்ஜ் ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? தாலமி அது 65 பாகை 30 கலையில் (60 கலை ஒரு பாகை) நிலையாக இருக்கிறது என்று எண்ணினார். ரக்கா நகரில் கவனித்த அல்-பத்தானி, சுமார் 900-ஆம் ஆண்டளவில், அது 82 பாகைக்கு வந்துவிட்டதைக் கண்டார். ஆனால் இந்தப் பாகைகளை எண்ணத் தொடங்கும் சமநாள் புள்ளி நகர்வதால் எல்லா நட்சத்திரங்களின் பாகையும் கூடிக்கொண்டே போகும். அவ்ஜ் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, அவற்றையும் தாண்டித் தனியாக நகர்கிறதா என்பதே பிரச்சினை. தனியாகவும் நகர்கிறது என்றார் அசர்க்கியேல். 279 ஆண்டுக்கு ஒரு பாகை. இன்றைய கணக்கில் அது சுமார் 310 ஆண்டுக்கு ஒரு பாகை. வெறும் கண்ணாலும் பித்தளைக் கருவிகளாலும் எட்டிய விடை இது. பின்னால் கோப்பர்னிக்கஸும் தன் நூலில் அவர் பெயரைச் சொல்கிறார்.

1085-இல் தொலேதோ கஸ்தீலிய அரசன் ஆறாம் அல்ஃபோன்சோவின் கைக்குப் போனது. அடுத்த நூற்றாண்டில் அந்த நகரம் மொழிபெயர்ப்பாளர்களின் ஊராகிவிட்டது. இத்தாலியின் கிரமோனாவிலிருந்து வந்த ஜெரார்ட் என்பவர் 1175-இல் அங்கே அல்மஜெஸ்ட்டை அரபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றி முடித்தார். அரபி நூலில் ‘மிகத் தொலைவான தூரம்’ என்று இருந்ததை ‘லோங்கிதூதோ லோங்கியோர்’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினார். தாலமியின் கிரேக்கச் சொல் அரபியில் தொடராகி, அந்தத் தொடர் மறுபடி லத்தீன் தொடராகி வந்திருக்கிறது. இந்தியச் சொல்லோ ஒலியாகவே வந்தது. அவ்ஜ் என்பதை லத்தீன் எழுத்தர்கள் கேட்டபடி எழுதி, அதற்கு லத்தீன் உடை போட்டார்கள்.

அந்த உடையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். லத்தீனில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை ஈறு மாறும். ரெக்ஸ் என்றால் அரசன், ரெகிஸ் என்றால் அரசனின், ரெகெம் என்றால் அரசனை. இதே அச்சில் அவ்ஜையும் வார்த்தார்கள். எழுவாயில் ‘அவுக்ஸ்’, ஆறாம் வேற்றுமையில் ‘அவுகிஸ்’, இரண்டாம் வேற்றுமையில் ‘அவுகெம்’. லத்தீனிலிருந்து பிரிந்த மொழிகள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்தே தங்கள் பெயர்ச்சொற்களை எடுத்தன. கடைசி மகர ஒற்று உதிரும், ஏகாரமோ எகரமோ மிஞ்சும். அதனால்தான் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்தச் சொல் எகரத்தில் முடிகிறது. ஸ்பானிய அகராதிகள் அந்தலூசிய அரபியிலிருந்தே நேராக வந்ததாகச் சொல்கின்றன. தொலேதோவில் அரபியும் லத்தீனும் அன்றைய ஸ்பானியமான கஸ்தீலியமும் ஒரே மேசையில் புழங்கின. எது எந்த வழி என்று பிரிப்பதைவிட, இரண்டு வழியும் ஒன்றையொன்று தாங்கின என்று கொள்வதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

13-ஆம் நூற்றாண்டில் கஸ்தீலிய அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ தன் அவையில் யூத, கிறித்தவ அறிஞர்களை அமர்த்தி வானியல் நூல்களைக் கஸ்தீலியத்தில் எழுதச் செய்தார். யெஹூதா பென் மோசே, ஈசாக் பென் சித் என்ற இரு யூத அறிஞர்கள் தொகுத்தவைதான் அல்ஃபோன்சோ அட்டவணைகள். அவற்றின் தொடக்கப் புள்ளி அவர் அரியணை ஏறிய 1252. 1320-களில் அவை பாரிஸில் லத்தீன் வடிவம் பெற்று, ஐரோப்பா முழுவதும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தன. அந்த லத்தீன் அட்டவணைகளில் ‘அவுக்ஸ்களின் இயக்கமும் நிலை நட்சத்திரங்களின் இயக்கமும்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அந்த இயக்கம் ஒரு சுற்று முடிக்க 49,000 ஆண்டு என்று கணக்கு. பொலோன்யாவிலும் பாரிஸிலும் வானியல் படித்த மாணவர்கள் எல்லோரும் அவுக்ஸ் என்றால் என்ன என்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. 1454-இல் வியன்னாவில் பாடம் நடத்திய வானியலார் பொய்யர்பாஹும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்.

மிக அருகில் வரும் எதிர்ப்புள்ளிக்கு மட்டும் பெயர் வந்து சேரவில்லை. அரபியில் அதற்கு ‘ஹளீள்’ என்று தனிச்சொல் இருந்தது. லத்தீன்காரர்கள் அதை எடுக்காமல் ‘அவுக்ஸின் எதிர்’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். நமக்கு உச்சம் என்றால் உடனே நீசம் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் உச்சம் தன் இணையை விட்டுத் தனியாக வாழ்ந்தது. இன்றைய ஸ்பானிய மொழியிலும் அவ்ஹேவுக்கு ஒரே வேரில் பிறந்த எதிர்ச்சொல் கிடையாது. வீழ்ச்சி என்று சொல்ல வேறு லத்தீன் சொல்லைத்தான் தேட வேண்டும்.

சரி, வானத்திலிருந்த சொல் கடைத்தெருவுக்கு எப்படி இறங்கியது? சோதிடம்தான் ஏணி. இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்கள் ஒரு கிரகம் தன் அவுக்ஸை நோக்கி ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஏறினால் பலம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பிரபுவின் செல்வாக்கு ஏறுகிறது என்று சொல்ல, அவர் அவ்ஹேயில் இருக்கிறார் என்று சொல்வது இயல்பாக வந்துவிடும். லத்தீனின் ‘அவுகேரே’ என்ற வினையும் இங்கே கைகொடுத்திருக்கும். காதுக்கு உறவுபோல ஒலித்ததால், வளர்ச்சி என்ற பொருள் இந்த அயல்சொல்லுக்கு எளிதாகப் பொருந்தியிருக்கும். இதற்குச் சான்றுக் கடிதம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அரபிச் சாயல் வெளியே தெரியாத சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் எளிதாக நிலைத்திருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது இது நம்பத் தகுந்ததாகவே படுகிறது.

ஒரே சொல் மூன்று மொழிகளில் மூன்று விதமாக முற்றியிருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்பானியத்தில் அவ்ஹே ஓர் இயக்கம். ‘எல் அவ்ஹே எக்கோனோமிக்கோ’ என்றால் பொருளாதாரம் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஏறலாம். போர்ச்சுகீசியத்தில் அது புள்ளி. பெருந்தொற்றின் அவ்ஜி என்றால் நோய் உச்சந்தொட்ட வாரங்கள், அதற்குப் பிறகு இறக்கம்தான். பழைய வானியல் பொருளுக்கு மிக அருகில் நிற்பது போர்ச்சுகீசியமே. இத்தாலியத்தில் இது தனியாக வாழவே இல்லை என்று சொல்லலாம், ‘இன் அவ்ஜே’ என்ற தொடருக்குள்ளேதான் குடியிருக்கிறது. பழைய இசைத்தட்டுகள் மறுபடி ‘இன் அவ்ஜே’ வந்துவிட்டன என்பார்கள். உயரம் என்பது மறைந்து, மவுசு என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே வழுக்கி விழுவதுண்டு. ஸ்பானியத்தில் ‘அவ்ஹேயில் இருக்கும் கட்சி’ என்றால் வளர்ந்துவரும் கட்சி. அதைத் தமிழில் ‘உச்சத்தில் இருக்கும் கட்சி’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். வேர் ஒன்றாக இருந்தாலும் இன்றைய பொருள் ஒன்றல்ல.

பிரெஞ்சில் என்ன ஆயிற்று? இடைக்கால பிரெஞ்சு வானியல் எழுத்துகளில் இந்தச் சொல் இருந்தது, ஆனால் ஏட்டை விட்டு வெளியே வரவில்லை. ‘ஓஜ்’ என்ற ஒலியை அங்கே ஏற்கெனவே வேறொரு சொல் பிடித்து வைத்திருந்தது. மாடும் பன்றியும் தீனி தின்னும் தொட்டி, கொத்தனார் கலவை குழைக்கும் தொட்டி, இரண்டுக்கும் பிரெஞ்சில் ‘ஓஜ்’ என்றுதான் பெயர். அது லத்தீனின் ‘அல்வேயுஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஒருவர் புகழின் தொட்டியில் இருக்கிறார் என்று பிரெஞ்சுக்காரர் எப்படிச் சொல்வார்? தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இது சின்னக் காரணமும் இல்லை. இன்று அவர்கள் அந்தப் பொருளுக்கு ‘அபோஜே’ என்கிறார்கள். தாலமியின் கிரேக்கச் சொல்தான் அது.

அந்தக் கிரேக்கச் சொல் திரும்பிவந்ததற்கு மறுமலர்ச்சிக் கால அறிஞர்களே காரணம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்க மூலங்கள் நேரடியாகக் கைக்கு வந்தன. அரபி வழி வந்த கலைச்சொற்களைக் களைந்துவிட்டுக் கிரேக்கச் சொற்களை வைப்பது படித்தவர்களின் அழகு என்று ஆனது. 1543-இல் வெளியான கோப்பர்னிக்கஸின் நூலில் அவுக்ஸின் இடத்தில் கிரேக்க மரபுச் சொற்களே நிற்கின்றன. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று 1609-இல் கெப்ளர் நிறுவிய பிறகு, பூமியை மையமாகக் கொண்ட பழைய அவுக்ஸுக்கு வானியலில் வேலையே குறைந்துவிட்டது. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் இத்தாலியர்களும் வகுப்பறையில் ‘அபொஹேயோ’, ‘அபொஜேயு’, ‘அபொஜேயோ’ என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் அதற்குள் அவ்ஹே தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது. கலைச்சொல்லாக அதை மாற்ற முடிந்தது, மக்கள் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. பிரெஞ்சில் அது வெளியே வராததால் ஏட்டோடு போயிற்று.

இதே கப்பலில் வந்த மற்ற அரபிச் சொற்களுக்கு இந்தக் கதி வரவில்லை. தலைக்கு நேர் மேலுள்ள புள்ளிக்கு ஸ்பானியத்தில் ‘செனித்’, பிரெஞ்சில் ‘ஸெனீத்’, இத்தாலியத்தில் ‘ட்ஸெனித்’, ருமேனியத்தில் ‘ஸெனித்’. அரபியில் ‘சம்த் அர்-ரஃஸ்’, தலையின் திசை. லத்தீன் எழுத்தில் மகரத்துக்கு மூன்று செங்குத்துக் கோடுகள். யாரோ ஓர் எழுத்தர் அதை ‘னி’ என்று படித்ததால் ‘செம்த்’ என்பது ‘செனித்’ ஆகி, அந்தப் பிழையே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கீழே உள்ள எதிர்ப்புள்ளியான ‘நாதிர்’, திசைக் கோணமான ‘அஸிமுத்’ இரண்டும் அதே குடும்பம். இவை ஏன் பிழைத்தன? கிரேக்கத்தில் இவற்றுக்கு நீளமான தொடர்கள்தான் இருந்தன, சுருக்கமான மாற்று இல்லை. அவ்ஜுக்கு மட்டும் அபோகெயோன் என்ற தயார்நிலைப் போட்டியாளர் இருந்தார்.

ருமேனிய மொழியில் அவ்ஹேவின் உறவு வழக்கில் இல்லை. ருமேனியர் இடைக்காலத்தில் லத்தீன் பல்கலைக்கழகங்களின் வட்டத்துக்கு வெளியே, திருச்சபை ஸ்லாவிய ஏடுகளின் உலகில் இருந்தார்கள். தொலேதோ வழியாக வந்த வானியல் சொற்கள் அவர்களை எட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து அள்ளியெடுத்த புதுச் சொற்களில் ஒன்றாக ‘அபொஜேயு’ அங்கே வந்தது. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லாததும் அந்த மொழி பேசியவர்கள் யாரிடம் படித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அவ்ஜ் கிழக்கிலும் ஓய்ந்துவிடவில்லை. பாரசீகத்தில் உயரம், உச்சம் என்ற பொருளில் இன்றும் அது அன்றாடச் சொல். துருக்கிய இசையில் ‘எவிச்’ என்று ஒரு மகாமின், அதாவது நம் ராகம் போன்ற ஒன்றின், பெயராகவே இருக்கிறது. பாரசீகத்தின் வழியாக அது இந்தியாவுக்கும் திரும்பி வந்து உருதுவில் ‘ஔஜ்’ ஆனது. உருதுக் கவிஞர்கள் உயர்வின் எல்லையைச் சொல்ல ‘ஔஜ்’ என்பார்கள். பக்கத்திலேயே இந்தியில் ‘உச்ச’ என்ற மூல வடிவமும் புழங்குகிறது. இந்தியில் உச்ச நீதிமன்றம் என்று எழுதுபவரும், உருதுவில் கமாலின் (முழுமையின்) ஔஜ் என்று பாடுபவரும் ஒரே சொல்லின் இரு வடிவங்களைக் கையாள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாக்தாதும் பாரசீகமும் சில நூற்றாண்டுகளும் இருக்கின்றன.